குடுவை பழுப்பானால் போதுமா? இலைச்சாற்று நானோ வெள்ளியும் பயிர் பாக்டீரியாவும்

வெள்ளி நைட்ரேட் கரைசலில் வேப்பிலைச் சாற்றை ஊற்றி வைத்தால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு தேன் நிறம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடுங்காப்பி நிறம். கரைசலில் இருந்த வெள்ளி, நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும் நுண்துகளாகிறது என்பதன் அடையாளம் அது. பெங்களூரில் உயிரித் தொழில்நுட்பமும் வேளாண்மையும் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் கடைசி ஆண்டு ப்ராஜெக்டாக எடுப்பது இதைத்தான். செலவு குறைவு, ஒரே நாளில் ரிசல்ட் தெரியும், படமும் அழகாக வரும். ஆனால் பல அறிக்கைகள் அந்த நிறத்தோடும் பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் அவை வளராமல் விழுந்த ஒரு தெளிவு வளையத்தோடும் நின்றுவிடுகின்றன. கோலாரிலோ ராயக்கோட்டையிலோ தக்காளி போட்டவருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால் அந்த அறிக்கையில் விடை இருக்காது. குடுவைக்கும் வயலுக்கும் நடுவே என்னென்ன கிடக்கிறது என்று பார்ப்போம்.

இந்த ஆராய்ச்சிக்குத் தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பூஞ்சை நோய்க்கு மருந்துக்கடையில் நாற்பது பெயர் சொல்வார்கள். பாக்டீரியா நோய்க்கு நெடுங்காலம் இரண்டே கைமருந்துதான்: ஸ்ட்ரெப்டோசைக்ளின், தாமிரம். முதலாவதில் 90 சதவீதம் ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட், 10 சதவீதம் டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு. இரண்டுமே மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக். 2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வரைவு ஆணை, 2022 பிப்ரவரி 1 முதல் இவற்றின் இறக்குமதியும் தயாரிப்பும், 2024 ஜனவரி 1 முதல் பயிரில் பயன்பாடும் கூடாது என்றது. தாமிரத்தின் கதை இன்னும் பழையது. 1885 வாக்கில் பிரான்சில் திராட்சைக்காகப் பிறந்த போர்டோ கலவையையே நாம் இன்றும் 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் கலக்குகிறோம். தக்காளி இலைப்புள்ளிக்குக் காரணமான சாந்தோமோனாஸ் பாக்டீரியா இனங்களில் தாமிரத்தைத் தாங்கும் வகைகள் பல நாடுகளில் பரவிவிட்டன. அந்த மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு எளிதில் கைமாறுகின்றன.

இலைச்சாறு என்ன செய்கிறது? அதிலுள்ள ஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், ஒடுக்கும் சர்க்கரைகள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோக அணுவாக்குகின்றன. அணுக்கள் கூடித் துகளாகின்றன. சாற்றின் புரதமும் டெர்பினாய்டும் துகளின் மேல் தோல்போல ஒட்டி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் தடுக்கின்றன. ஆய்வகத்தில் சோடியம் போரோஹைட்ரைடும் சிட்ரேட்டும் செய்கிற வேலையை இங்கே ஒரே சாறு செய்கிறது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-இல் வேப்பிலைச் சாற்றிலிருந்து வெள்ளி, தங்கத் துகள்களை எடுத்துக் காட்டிய பிறகு, நம் நாட்டில் சாறு எடுக்காத இலையே இல்லை எனலாம். துளசி, நொச்சி, குப்பைமேனி, முருங்கை என்று பட்டியல் நீள்கிறது. வெள்ளியை ஒடுக்காத பச்சிலையைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது கடினம். ஆகவே ‘இந்த இலையாலும் முடிந்தது’ என்பது தனியாக ஒரு கண்டுபிடிப்பாகாது.

செய்முறைக்கு வருவோம். 10 கிராம் பச்சை இலையைக் குழாய்த் தண்ணீரில் அலசி, பிறகு இருமுறை வாலைவடிநீரில் அலசி, ஈரம் ஒற்றி, பொடியாக நறுக்கி, 100 மி.லி. வாலைவடிநீரில் 60 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தால் போதும். கொதிக்கவிட வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், ‘கொதிக்கவைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் சென்னையில் செய்பவருக்கு வேறு சாறு வரும். ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடித்து, வாட்மேன் 1 வடிதாளிலும் வடிகட்ட வேண்டும். சாற்றை அன்றே பயன்படுத்துவது நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் ஃபீனால்கள் காற்றில் ஆக்சிகரணமாகி, ஒடுக்கும் சக்தி இறங்கிவிடும்.

வெள்ளி நைட்ரேட் 1 மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல்) வேண்டுமென்றால் 100 மி.லி.க்கு 17 மி.கி. இவ்வளவு சிறிய எடையைச் சாதாரண தராசில் நிறுத்தால் பிழை பெரிதாகும். 170 மி.கி. எடுத்து 100 மி.லி.யில் 10 மில்லிமோலார் மூலக்கரைசலாகச் செய்து, பழுப்புக் குப்பியில் அலுமினியத் தாள் சுற்றி வைத்து, வேண்டியபோது பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளலாம். கையுறை இல்லாமல் தொட்டால் விரல் கறுத்து, தோல் உரியும்வரை போகாது. நீர்த்த 1 மில்லிமோலார் கரைசல் 90 மி.லி., இலைச்சாறு 10 மி.லி. என்பது தொடங்குவதற்கு நல்ல விகிதம். ஜனவரிக் குளிரில் பெங்களூர் அறையில் செய்யும்போது, மே மாதச் சென்னையில் செய்ததைவிட வினை மெதுவாக நடக்கும். வாட்டர் பாத்தில் 40 டிகிரியில் வைத்து வெப்பநிலையை நிலையாக்கினால்தான் ஒரு நாள் செய்தது இன்னொரு நாளும் வரும். ஜன்னலோர வெயிலில் வைத்தால் வேகமாக நிறம் மாறும். அதில் ஒரு பங்கு ஒளியின் வேலை. அதைப் பிரித்தறிய, சாறு சேர்க்காத வெள்ளி நைட்ரேட் குடுவை ஒன்றும் பக்கத்திலேயே அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டும்.

தவறு நடக்கும் இடங்களில் முதலாவது தண்ணீர். குளோரைடு பட்டால் வெள்ளி அயனி வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். கணக்குப் போட்டால், 1 மில்லிமோலார் வெள்ளி உள்ள கரைசலில் லிட்டருக்கு 0.006 மி.கி. குளோரைடு இருந்தாலே படியத் தொடங்கும் எல்லையைத் தொட்டாகிவிட்டது. காவிரிக் குழாய்த் தண்ணீர், போர்வெல், பாட்டில் தண்ணீர் எதுவும் இதற்கு ஆகாது. பேட்டரிக் கடையில் ‘டிஸ்டில்டு’ என்று விற்பதையும் நம்பக் கூடாது. சோதனைக் குழாயில் 5 மி.லி. எடுத்து மூலக்கரைசலில் இரண்டு சொட்டு விட்டுக் கறுப்புத் தாளின்மேல் பிடித்துப் பாருங்கள், பால்போலக் கலங்கினால் தள்ளிவிடலாம். பிஎச் (அமில–கார அளவு) குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவது, பிஎச் மீட்டரின் முனையை நேரே குடுவையில் விடுவது இரண்டும் அடிக்கடி நடப்பவை. அந்த முனைக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, அது மெல்லக் கசியும். ஒரு சிறு பங்கைத் தனியே எடுத்து அளந்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும். அமிலம் தேவையென்றால் நீர்த்த நைட்ரிக் அமிலம்.

பிஎச் 8–9 வரை ஏற்றினால் வினை வேகமாகி, துகள் பொதுவாகச் சிறிதாகும். அதற்கு மேல் போனால் வெள்ளி ஆக்சைடு பழுப்பாகப் படியும். அதையும் நானோ துகள் என்று எண்ணிச் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. கலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல துகள் கரைசல் நிறமாக இருந்தாலும் தெளிவாக இருக்கும், ஆக்சைடு கலங்கி அடியில் இறங்கும்.

இன்னொரு குளோரைடு மூலம் இலையேதான். எவ்வளவு சுத்தமான தண்ணீர் எடுத்தாலும் இலைக்குள் இயற்கையாக உள்ள குளோரைடு சாற்றில் வரும். உப்புத் தண்ணீரில் வளர்ந்த செடி என்றால் கூடுதலாக வரும். படிகம் எதுவென்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விலகல் படத்தில் வெள்ளியின் முகடுகள் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் நிற்க, 27.8, 32.2, 46.2 டிகிரிகளில் கூடுதலாக மூன்று முகடுகள் எழுந்திருக்கும். பல கட்டுரைகளில் அவற்றின் தலையில் நட்சத்திரக் குறி போட்டு ‘உயிர்க் கரிமப் பொருள் படிகமானது’ என்று எழுதியிருப்பார்கள். அவை வெள்ளி குளோரைடின் முகடுகள். வெள்ளி குளோரைடும் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியதுதான், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கையில் இருப்பது இன்னது என்று எழுதிவிட வேண்டும்.

துகளைப் பிரிக்க முதலில் 3,000–5,000 சுற்றில் 10 நிமிடம் சுழற்றி இலைக் குப்பையை அகற்றி, மேல்நீரை 12,000–15,000 சுற்றில் 20 நிமிடம் சுழற்றி, அடிவண்டலை வாலைவடிநீரில் கரைத்து, மறுபடி சுழற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை போதும். ஐந்தாறு முறை கழுவினால் மேல்தோல் உரிந்து, வண்டல் மறுபடி கரையாமல் கட்டியாக நிற்கும். நிறமாலைமானியில் வெள்ளியின் முகடு 400–450 நானோமீட்டரில் வரும். வாரம் ஒருமுறை பார்த்து, முகடு வலப்பக்கம் நகர்ந்து அகலமாகிறதென்றால் துகள்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன. துகளின் அளவை ஒளிச்சிதறல் கருவி 90 நானோமீட்டர் என்றும் எலக்ட்ரான் நுண்ணோக்கி 20 என்றும் சொன்னால் எதையும் மறைக்க வேண்டாம். சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுவதால், 100 நானோமீட்டர் துகள் ஒன்று 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சத்துக்குச் சமமாகச் சிதறடிக்கும். கட்டியான நாலு துகள் மொத்தச் சராசரியையும் இழுத்துவிடும். கருவிகளுக்கு அலைச்சல் அதிகமில்லை: இந்திய அறிவியல் கழகத்தின் நானோ மையமும் ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு மேம்பட்ட ஆய்வு மையமும் நகருக்குள்ளேயே இருக்கின்றன.

வெள்ளி எவ்வளவு என்று சொல்வதில்தான் மிகப் பெரிய ஏமாற்று, பெரும்பாலும் தெரியாமல் நடப்பது. 90:10 கலவையில் மொத்த வெள்ளியே லிட்டருக்கு 97 மி.கி.தான். முழுவதும் துகளானாலும் அதற்கு மேல் வராது. ஆனால் வண்டலை உலர்த்தி நிறுத்து, அதில் 100 மி.கி. எடுத்து ‘100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மி.கி.) வெள்ளி’ என்கிறார்கள். அந்தப் பொடியில் கணிசமான பங்கு இலையின் கரிமப் பொருள். அமிலத்தில் கரைத்து, உலோகத்தின் அளவைக் காட்டும் ஐசிபி கருவியில் வெள்ளியை அளக்காமல் எழுதும் எந்த அளவும் குத்துமதிப்பே.

இனி பாக்டீரியா. சாந்தோமோனாஸ் 28 டிகிரியில் மஞ்சள் நிறக் கோழைத் திட்டுகளாக வளர 48 முதல் 72 மணி நேரம் எடுக்கும். மருத்துவ ஆய்வகப் பழக்கத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துவிட்டு ‘முழுதாகக் கட்டுப்பட்டது’ என்று எழுதக் கூடாது. தக்காளி, கத்தரி வாடலுக்குக் காரணமான ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் இன்னும் வம்புக்காரி. அகாரில் திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்தால் நோய் உண்டாக்கும் குணத்தையே இழந்துவிடும். டெட்ராசோலியம் சாயம் கலந்த ஊடகத்தில் ஓரம் வெள்ளையாகவும் நடுவில் இளஞ்சிவப்பாகவும் ஒழுகும் திட்டுகளே வீரியமானவை, அடர் சிவப்பில் சிறிதாக வறண்டு நிற்பவை வீரியம் போனவை. வீரியமான வளர்ப்பைச் சுத்தமாக்கிய வாலைவடிநீரில் அறை வெப்பத்திலேயே வைத்துக் காப்பாற்றலாம்.

அகார் வளையச் சோதனை நானோ துகளுக்குப் பொருந்தாத சோதனை. வளையம் விழ வேண்டுமானால் மருந்து அகாருக்குள் ஊடுருவ வேண்டும். துகள் நகராது, அயனிதான் நகரும். எனவே பெரிய வளையம் பெரும்பாலும் சொல்வது, கழுவாமல் விட்ட வெள்ளி அயனி நிறைய இருக்கிறது என்பதையே. 96 குழித் தட்டில் நீர்ம ஊடகத்தில் இரட்டிப்பாக நீர்த்துப் பார்ப்பதே முறை. அங்கும் குளோரைடு காத்திருக்கிறது. நியூட்ரியன்ட் பிராத் என்ற சாதாரண நீர்ம ஊடகத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு, அதாவது வெள்ளியைப் போல நூறு மடங்குக்கு மேல் குளோரைடு. உப்பில்லாத ஊடகம் தயாரித்துக்கொள்ள வேண்டும். கலங்கலை வைத்து வளர்ச்சியைக் கணிக்கும் ஒளி அடர்த்தி அளவைத் துகளின் நிறமே குழப்பும் என்பதால் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்துத் தட்டில் பரப்பி, திட்டுகளை எண்ணுவதே நம்பகம்.

ஒப்பீடு ஐந்து வேண்டும்: தண்ணீர், அதே நீர்ப்பில் இலைச்சாறு மட்டும், அதே வெள்ளி அளவில் வெள்ளி நைட்ரேட், கடைசிக் கழுவலின் மேல்நீர், ஸ்ட்ரெப்டோமைசின். மூன்றாவதும் நான்காவதும் இல்லாத அறிக்கையை ஓரமாக வைத்துவிடலாம். துகள் கொல்வது பெரும்பாலும் அயனியை மெல்ல மெல்ல விடுவதன் மூலம்தான். அயனி செல்லின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பிடித்துக்கொள்கிறது, சவ்வு பழுதாகிறது, செல்லைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. ஆகவே அதே வெள்ளியைச் சாதாரண நைட்ரேட்டாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் துகளின் பெருமை பேச முடியாது. எதிர்ப்பு வராது என்ற பேச்சும் நிற்கவில்லை. 2018-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள், ஈ. கோலை பாக்டீரியா ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைச் சுரந்து வெள்ளித் துகள்களை ஒட்டிக் கட்டியாக்கித் தப்பிப்பதைக் காட்டினார்கள். அந்தச் சுரப்பை மாதுளைத் தோல் சாறு தடுத்தது என்பது அதே ஆய்வின் சுவையான பகுதி. கரைசலை இலைச்சாற்றில் செய்வதா பழத்தோலில் செய்வதா என்று யோசிப்பவர்கள் கவனிக்கலாம்.

வயலுக்குக் கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிப்பு, லிட்டருக்கு 50 மி.கி. வெள்ளி என்றால் ஒரு தெளிப்புக்கு 10 கிராம் வெள்ளி, அதாவது சுமார் 16 கிராம் வெள்ளி நைட்ரேட். மேலே சொன்ன செய்முறையில் இதற்கு 100 லிட்டருக்கும் மேலாகக் குடுவைக் கலவை வேண்டும், அதையும் சுழற்றிப் பிரிக்க வேண்டும். கிராம் நூறு ரூபாய் தாண்டிய வெள்ளியை மாதம் மூன்று முறை தெளிப்பது நடக்கிற காரியமில்லை. கோலார்ப் பக்கம் ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் போர்வெல் தண்ணீரில் கலந்தால் கால்சியமும் குளோரைடும் டேங்கிலேயே துகளைத் திரட்டிவிடும். வாடல் நோயோ தண்டின் சாற்றுக்குழாய்க்குள் இருக்கிறது. இலைமேல் தெளிப்பது அங்கே போகாது, வேரில் ஊற்றினால் மண்ணின் கரிமப் பொருளும் சல்ஃபைடும் வெள்ளியைக் கட்டிப்போடும். செடி வாடினால் தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெண்ணிற நூலாக வழிந்தால் ரால்ஸ்டோனியா. அதற்கு ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்பு ரகமே இன்றைக்கு உருப்படியான வழி.

வெள்ளிக்குப் பொருத்தமான இடம் விதையும் நாற்றங்காலும். தக்காளி இலைப்புள்ளி விதை வழியாகவும் வரும் நோய். வீரிய ஒட்டு விதை ஏக்கருக்குச் சுமார் 60 கிராம், அதே 50 மி.கி. செறிவுள்ள கரைசல் 300 மி.லி.யில் ஊறப்போட்டால் செலவாகும் வெள்ளி 15 மி.கி. மட்டுமே, தெளிப்புக்கு ஆவதில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே வாலைவடிநீர் கட்டுப்படியாகும், கரைசலைத் திரும்ப எடுக்கலாம், மண்ணுக்கும் போகாது. லிட்டருக்கு 10, 25, 50, 100 மி.கி. என நாலு அளவில் நூறு நூறு விதையாக முளைப்புத் தாளில் வைத்து, முளைப்பு சதவீதத்தோடு வேரின் நீளத்தையும் அளக்க வேண்டும். வெள்ளி கூடினால் முதலில் அடிபடுவது வேர் நுனி. ஒப்பீட்டில் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் ஊறிய விதையும் இருக்கட்டும். காசில்லாத அந்தப் பழைய முறையை வெல்லவில்லையென்றால் நானோவுக்கு இங்கே வேலையில்லை.

மாதுளையின் பாக்டீரியா கருகல் போலத் தெளித்தே ஆக வேண்டிய நோய்க்குத் வெள்ளிக்குப் பதில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்தான் யோசிக்கத் தக்கது. விஜயபுரா, பாகல்கோட் பக்கம் ‘துண்டாணு அங்கமாரி’ என்று தோட்டக்காரர்கள் நொந்துகொள்ளும் நோய் அது. 2.2 கிராம் துத்தநாக அசிட்டேட்டை 100 மி.லி. நீரில் கரைத்து, 10 மி.லி. சாறு சேர்த்து, 60 டிகிரியில் கலக்கியபடியே பிஎச் 10 வரும்வரை சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெண்மையாகப் படியும். கைதவறி 13-க்கு மேல் போனால் படிந்தது மறுபடி கரைந்துவிடும். கழுவி, உலர்த்தி, 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டால் அதிகபட்சம் 0.8 கிராம் கிடைக்கும். அதே கொள்ளளவில் வெள்ளி 10 மி.கி.கூடத் தேறாது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: 400 டிகிரியில் இலையின் மேல்தோல் எரிந்துபோகிறது. அதன் பிறகும் ‘மூலிகை பூசிய துகள்’ என்று பெயர் சொல்வது நியாயமில்லை. கொல்வதற்கு வெள்ளியைவிடப் பல மடங்கு அளவு தேவைப்படும் என்றாலும், உழவர்கள் ஏற்கெனவே 0.5 சதவீத துத்தநாக சல்ஃபேட்டைத் தெளிக்கிறார்கள். அதிலேயே லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது. பொடியைக் கையாளும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

விற்பனை என்று வந்தால் பயிர் நோயைத் தடுக்கும் எந்தப் பொருளும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். நானோ வேளாண் இடுபொருள்களைச் சோதிக்க ஒன்றிய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மண்ணுயிர், தேனீ, மீன், விளைபொருளில் எச்சம் என்று அதில் கேட்பவற்றைப் படித்துவிட்டுச் சோதனையைத் திட்டமிட்டால் பின்னால் இரட்டை வேலை மிச்சமாகும்.

வேலை முடிந்தபின் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோரமங்கலா–சல்லகட்டா திட்டத்தின் வழியே 2018 முதல் கோலார் ஏரிகளை நிரப்பி வருகிறது. வெள்ளியில் பெரும்பகுதி சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றிலேயே தங்கும் என்றாலும், அந்தச் சேறும் கடைசியில் ஏதோ ஒரு மண்ணில்தான் போய்ச் சேரும். எல்லாக் கழிவையும் ஒரு பழுப்புக் குப்பியில் சேருங்கள். துகள் கலந்ததைச் சிறிது நைட்ரிக் அமிலத்தில் புகைக்கூண்டுக்குள் கரைத்து, சமையல் உப்பைப் போடுங்கள். தயிர்போலத் திரண்டு இறங்குவது வெள்ளி குளோரைடு. மேல்நீரில் இன்னும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலங்குகிறதா என்று பார்த்து, கலங்காவிட்டால் வடித்து, வண்டலை உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதிய டப்பியில் ஆய்வகக் கழிவுக் கணக்கில் ஒப்படைத்துவிடலாம்.